எந்த ஊருப் பேச்சு

ஜோயல் செத்த பிறகுதான் புத்னிக்கு ஊர் எது என்ற கேள்வி வந்தது. அவன் இருந்தவரை யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை. கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிற இடத்துக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவன், அங்கே சித்தாள் வேலை பார்த்த புத்னியை ஒரு மழைநாளில் பைக்கில் உட்காரவைத்து அழைத்துக்கொண்டு வந்தான். வாசலில் நின்ற அவன் அம்மா மார்கரெட், "எந்த ஊருடா இது?" என்றாள். "இனிமே இந்த ஊருதாம்மா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துபோயிற்று. அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. சர்ச்சில் கல்யாணம் நடந்தது.

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், புதுப்பட்டினத்தை ஒட்டிய காலனி. நான் பகலில் மருந்துக்கடையில் இருப்பேன். மாலையில் திருக்கழுக்குன்றத்தில் கணக்குப்பதிவு வகுப்பு. சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதும், ஜோயலின் தங்கை ஜெனிட்டா பஸ்ஸில் வரும்போது சொன்னதும், நானே பார்த்த கொஞ்சமும்தான் இதில் இருக்கின்றன. என் ஊகம் எங்கே கலக்கிறது என்று எனக்கே எப்போதும் நிச்சயமாகத் தெரிவதில்லை. தெரிகிற இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

புத்னி என்கிற பெயர் காலனியில் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. புதினா ஆகிவிட்டது. குழாயடியில் அவள் குடம் வைத்தால், "ஏ புதினா, தள்ளு, கொத்தமல்லி வந்துகினு கீது" என்பார்கள். அவளும் சிரிப்பாள். புரிந்து சிரிக்கிறாளா, சிரிக்கிறார்களே என்று சிரிக்கிறாளா, தெரியாது. வேலைக்கு அஞ்சாதவள். முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தால் இரண்டு கையும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு ஓடும். காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம் விழும். அப்படி யாரும் இங்கே ஆய்ந்து பார்த்ததில்லை. ஒரே ஒரு பழக்கம்தான் மார்கரெட்டுக்கு ஆகவில்லை. டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுக் குடிப்பாள்.

"உப்புதான் வேணும்னா எதுக்குமே டீத்தூளு? கடல் கிட்டத்தான கீது, ஒரு சொம்பு மொண்டு குடிச்சுட்டு வா" என்று தெருமுனையில் இட்லி விற்கும் ஞானம்மாள் கிண்டல் செய்வாள். அதற்கும் சிரிப்புதான்.

ஆவணியில், மகாபலிபுரத்துக்கு இந்தப் பக்கம், வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஜோயலை ஒரு கார் அடித்துவிட்டுப் போயிற்று. போனும் அவனோடு நொறுங்கிப்போயிற்று. குழந்தை ஜெரோம் அப்போதுதான் கழுத்து நின்று, குப்புற விழ ஆரம்பித்திருந்தது.

காரியமெல்லாம் முடிந்து மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில்தான் ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் மார்கரெட்டின் குரல் கேட்டது. அவள் புருஷன் சின்னராசு திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தோட்டக்காரர். முன்பு பிறத்தியார் கழனியில் ஏர் ஓட்டியவர். வேலையிலிருந்து வந்து துணி மாற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அவளுக்கு வயசு இன்னா, இருவத்திரெண்டா? சும்மா குந்திகினு இருப்பாளா? ஒரு நாளு புள்ளைய இடுப்புல தூக்கிவச்சிகினு பஸ் ஏறிட்டான்னா எங்க போய்த் தேடுவ?"

"எங்கமே போவா அவ?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எங்க போவான்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? ஜோயலு மூஞ்சிய அப்படியே உரிச்சு வச்சிகீது அது. அது ஒண்ணுதான்யா எனக்கு மிச்சம்."

"சரி விடு. இருந்துட்டுப் போவட்டும்."

"அவளா போறதுக்கு முன்ன நாமளா அனுப்பிடணும். புள்ள இங்க இருக்கட்டும்."

"பால் குடிக்கிற புள்ளமே."

"ஊர்ல புட்டிப்பால் குடிச்சு ஒண்ணும் வளரலியா? ஜெனிட்டா குடிச்சுது. இன்னா கொறஞ்சு போச்சு?"

சின்னராசு "ஊரு ஒத்துக்காது" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் காலனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊர் தெரியாத பெண்ணை யாரும் வீட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. முன்பொரு காலத்தில், செங்கல் சூளைக்கு வந்த ஒருத்தியை ஒருவன் சேர்த்துக்கொண்டு, பிறகு அடித்துத் துரத்திவிட்டான். மறுவாரம் கால்வாயில் மிதந்தாள். செத்தவள் யார், எந்த ஊர் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆம்பிளைகளை வேனில் அள்ளிப்போனார்கள். சிலருக்கு அதற்குப் பிறகு கை சரியாக மடங்கவே இல்லை. அதிலிருந்து அந்தக் கட்டுப்பாடு. இரக்கத்தால் வந்தது அல்ல, அடியால் வந்தது. ஆனாலும் அது அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சின்னராசு வேலைக்குக் கிளம்பும்போது, சாணி மெழுகிக்கொண்டிருந்த புத்னியிடம் குனிந்து சொன்னதை நான் பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "பயப்படாதமா. ஊரு தெரியாத பொண்ண இந்த ஊரு வெளிய அனுப்பாது. கேட்டுக்கினியா? ஊரு தெரியாது, அனுப்பாது." ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலையே மார்கரெட் கேட்டிருக்கிறாள். "ஏமே, உன் ஊரு இன்னா?"

"தெரியாது" என்றாளாம் புத்னி.

"அப்பன் பேரு?"

"தெரியாது."

"எங்கேந்து ரயில் ஏறுன?"

"தெரியாது, அத்த."

அவ்வளவு சுத்தமாக ஒரு தமிழ்ச் சொல்லை அவள் சொல்லிக் கேட்டதே இல்லை என்றாள் ஜெனிட்டா. ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். அதில் கேளம்பாக்கம் வேலைக் கொட்டகையின் முகவரி இருந்தது. கட்டடம் எழும்பி, ஆட்கள் குடியேறி, கொட்டகையைப் பிரித்துக் காலம் ஆகிவிட்டது. கூட்டிவந்த மேஸ்திரியின் நம்பர் உபயோகத்தில் இல்லை.

கட்டிக்கொண்டவளின் ஊர் ஜோயலுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இருந்திருக்காது. அவன் தன்னோடு கொண்டுபோய்விட்டான்.

ஆனால் புத்னி குழந்தையிடம் பேசுவாள். மத்தியானத்தில், மார்கரெட் வேலைக்குப் போயிருக்கும்போது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே, குழந்தையைக் காலில் போட்டு ஆட்டியபடி அவள் பேச்சில் ஏதோ சொல்வாள், பாடுவாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வரும் எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம் ஆகும் அளவுக்குச் சுவர் வழியே வந்துகொண்டிருந்தது. மார்கரெட் ஒரு நாள் தன் போனை ஒலிப்பதிவில் போட்டு, மல்லாட்டை மூட்டைக்குப் பின்னால் செருகிவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து எடுத்தாள். ஊரைச் சொல்ல வாய் திறக்காதவளின் பேச்சு கையில் கிடைத்துவிட்டது.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இல்லாத பாஷை இந்தியாவில் இல்லை என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. மார்கரெட் அங்கே சில வீடுகளில் பாத்திரம் தேய்த்து, சமைத்துக் கொடுக்கிறாள். போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வங்காளத்து அம்மா மாவு கையோடு வந்து காதைக் கொடுத்துவிட்டு, எங்கள் பாஷை இல்லை, காட்டுக்காரர்கள் பாஷை என்றாள். ஒடிசாக்காரர் இரண்டு தடவை கேட்டு, எங்கள் பக்கம்தான், ஆனால் எங்கள் பாஷை இல்லை என்றார். ஒரு விஞ்ஞானி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். அது மங்கோலியா என்று காட்டியதாம்.

"மங்கோலியா எங்க சார் கீது? சென்ட்ரல்லேந்து நேர் வண்டி உண்டா?" என்று மார்கரெட் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டில் சிரித்துச் சிரித்து, டீ கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகு ஸ்டாஃப் பஸ் நிற்கும் இடத்தில் நின்றாள். ஷிஃப்ட் முடிந்து இறங்குகிறவர்களிடம் போனை நீட்டினாள். "அண்ணாத்த, ஒரே ஒரு நிமிசம், இது எந்த ஊருப் பேச்சுன்னு சொல்லிட்டுப் போங்க." சிலர் நின்றார்கள். மழையில் நனைந்துகொண்டு ஒரு தாயின் தாலாட்டைக் கேட்டு, இல்லை என்று தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுத்தார்கள்.

செக்யூரிட்டி குவார்ட்டர்ஸ் வாசலில் கீரைக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்த ஹெலன்தான் கண்டுபிடித்தாள். அவள் புருஷன் காவல்படையில் இருப்பவர். வடக்கத்திக் கிறிஸ்தவர்கள். கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "யாரு பாடுது? இன்னொரு தடவ போடுங்க" என்றாள். மார்கரெட் போட்டாள். போனில் பாட்டு நின்ற இடத்திலிருந்து அடுத்த அடியை ஹெலன் பாடினாள். கீரைக்காரிகூட வாயை மூடிக்கொண்டாளாம்.

"இது குருக். எங்க பாஷை அக்கா!"

"எந்த ஊரு?"

"ஜார்க்கண்டு. கும்லா. எங்க ஊரு."

"இன்னா ஊரு? மறுக்கா சொல்லு."

"கும்லா."

"கும்லா" என்று மார்கரெட் சொல்லிப் பார்த்தாள். "கும்லா, கும்லா" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்ததாக ஜெனிட்டா சொன்னாள். ஹெலன் அதற்குள் வேறு கவலையில் இருந்திருக்கிறாள். "பாட்டு எங்கதுதான், நடுவுல வேற பேச்சும் கலக்குது. அந்தப் பொண்ண நான் பாக்கணும் அக்கா. இங்க வந்து ஆறு வருசம். வீட்டுக்காரர் கூட மட்டுந்தான் என் பேச்சு."

"வா வா. ஞாயித்துக்கெழம வா. உனுக்கு நாஸ்தா எங்க வூட்லதான்" என்றாள் மார்கரெட்.

ஹெலன் வந்தாள். கையில் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர். புத்னி உள்ளே முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். ஹெலன் நிலைப்படியில் குனிந்து அவள் பேச்சில் ஏதோ கேட்டாள். முறம் விழுந்த சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நான் கேட்ட குரலை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நாள் இருந்தவள் அவள் அல்ல என்று தோன்றியது. அவசரம், குறும்பு, நீட்டி இழுத்தல், சண்டை, எல்லாம் அந்தக் குரலில் இருந்தது. யாரையோ போல நடித்துக் காட்டுகிறாள். ஹெலன் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நடுநடுவே மார்கரெட், "இன்னா சொல்றா? இன்னா சொல்றா?"

"மொத நாள் நீங்க வச்ச கருவாட்டுக் குழம்புல வாய் எரிஞ்சு அழுதாளாம். ஜோயல், இதுதான் எங்க ஊரு ஆசீர்வாதம்னு சொன்னாராம்."

மார்கரெட்டும் சிரித்துவிட்டாள். மகன் சொன்ன ஒரு வார்த்தை அவளுக்குப் புதிதாகக் கிடைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டதாக ஜெனிட்டா சொன்னாள். கொஞ்ச நேரத்துக்கு அந்த வீட்டில் நான்கு பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து இட்லி தின்றார்கள். அப்படியே அது நின்றிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

"அப்புறம் இன்னா சொல்றா?"

"தாத்தாவோட அப்பா கும்லாவுலேந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவராம். அஸ்ஸாம். இவ பொறந்தது தோட்டத்துலதான். கும்லா இவ பாத்ததே இல்ல. நான் நினைச்சேன், உப்பு டீ குடிக்கறான்னு சொன்னீங்களே, அது தோட்டத்துப் பழக்கம்." தோட்டத்தின் பெயரையும் ஹெலன் சொன்னாள். 'பாரி' என்று முடியும் ஒரு பெயர். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "அம்மா செத்துட்டாங்க. அப்பா வேற கல்யாணம் பண்ணிகிட்டு எங்கயோ போய்ட்டாரு. தோட்டத்தையும் மூடிட்டாங்க. அங்க இவளுக்கு யாரும் இல்ல அக்கா."

"ஊரு கீது இல்ல?" என்றாள் மார்கரெட். "அது போதும்."

ஹெலனுக்குப் புரியவில்லை. புத்னிக்குப் புரிந்தது. பேச்சு அப்படியே நின்றது. மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்ததை, சொந்தப் பேச்சில் ஒருத்தி நலம் கேட்டாள் என்ற சந்தோஷத்தில், அவளே திறந்து கொட்டிவிட்டாள். கீழே சிதறிக் கிடந்த மல்லாட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட ஆரம்பித்தாள் என்றாள் ஜெனிட்டா.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் சர்ச்சுக்கு எதிரே தகரக் கொட்டகையில் ஊர் கூடியது. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்ததால் எல்லாரும் கத்திக் கத்திப் பேசினார்கள். ஊர்ப் பெரியதனம் பார்த்திபன், டவுன்ஷிப் கேன்டீனில் சூப்பர்வைசர். நல்ல மனிதர் என்று பெயர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெலனையும் அவள் புருஷனையும் மரியாதையாகப் பக்கத்தில் உட்காரவைத்தார். புத்னி தூணோரம் நின்றாள். குழந்தை மார்கரெட் இடுப்பில்.

"உங்க பாஷைல கொஞ்சம் சொல்லுங்க மேடம், ஜனங்க கேக்கட்டும்."

ஹெலன் கூச்சத்தோடு சொன்னாள். "நான்னா ஏன். நீன்னா நீன். நாமன்னா நாம்."

"இன்னா இன்னா? நாமன்னா நாமளா?"

"நாம்."

பார்த்திபன் தொடையைத் தட்டினார். "அட! நம்ம பாஷைய்யா இது! கண்ணுக்கு?"

"கன்." முதல் எழுத்து மட்டும் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

"டேய், கேட்டியாடா! ஆயிரம் மைல் தாண்டி நம்ம ஆளுங்க கீறாங்கடா. நம்ம ரத்தம்டா!" கைதட்டினார்கள். பையன்கள் விசில் அடித்தார்கள். யாரோ ஒருவர் எழுந்து வந்து ஹெலனின் புருஷனுக்குக் கை கொடுத்தார். கொட்டகையே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. தூணோரம் நின்றவளும் ஒரு நிமிடம் முகம் மலர்ந்து எல்லாரையும் பார்த்தாள்.

"சரி, விசயத்துக்கு வருவோம்" என்றார் பார்த்திபன். "பொண்ணுக்கு ஊரு தெரிஞ்சு போச்சு. நம்ம கட்டுப்பாடு இன்னா? ஊரு தெரியாதவள அனுப்பக் கூடாது. இதுக்கு ஒண்ணுக்கு ரெண்டு ஊரு கீது."

ஹெலன் எழுந்துவிட்டாள். "சார், அங்க யாருமே இல்ல சார். அதையும் சொன்னேனே. நான் எதுக்குச் சொன்னேன், நீங்க..." அவள் புருஷன் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவர்கள் பேச்சில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். இந்த ஊரில் பிழைக்க வந்தவர்கள் நாம் என்று சொல்லியிருக்கலாம். இது என் ஊகம்.

ஞானம்மாள் பின்னாலிருந்து கத்தினாள். "ஏன் பார்த்திபா, பெத்தவளும் புள்ளையும் ஒரு மூலைல கெடந்துட்டுப் போனா உங்களுக்கு இன்னா நோவுது? அனுப்பறதுன்னா ரெண்டையும் சேத்து அனுப்பு!"

"புள்ள அப்பன் ஊரு யக்கா. அது எங்கனா மாறுமா?"

"அப்ப அவ?"

"பேச்சு எங்க கீதோ, ஊரு அங்க கீது." அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. ஆனால் சொன்ன பிறகு அவருக்கே பிடித்துவிட்டது. இன்னொரு தரம் நிதானமாகச் சொன்னார். நிறையப் பேர் தலையாட்டினார்கள். பிறகு புத்னியின் பக்கம் திரும்பி, மகளிடம் பேசுவதுபோல் கனிவாகக் கேட்டார். "உன் இஷ்டம்தாமா. அஸ்ஸாமா, கும்லாவா? நீயே சொல்லு. யாரும் உன்ன வற்புறுத்த மாட்டாங்க."

புத்னி குழந்தையைப் பார்த்தாள். பிறகு காலால் தரையைத் தட்டினாள்.

"இதான் ஊரு" என்றாள். "ஜோயல் சொல்லிச்சு."

சிரிப்பு எழுந்தது. முதலில் பையன்கள், பிறகு பெரியவர்கள். "புதினா நம்மூருல மொளைச்சிதாம்டா!" என்று ஒருவன் கத்தினான். பார்த்திபனும் சிரித்தார். மார்கரெட் சிரிக்கவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். சின்னராசு கொட்டகைக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவே இல்லை.

ஹெலன் குடும்பம் கிறிஸ்துமஸ் லீவுக்குக் கும்லா போகிறது என்பதால் கும்லா என்று முடிவாயிற்று. தனியாக ஏற்றி அனுப்பினோம் என்ற பேச்சு நாளைக்கு வரக் கூடாது.

நடுவில் இருந்த நாட்களில் குழந்தையைப் பால் மறக்கச் செய்தார்கள். மார்கரெட் வேப்பிலையை அம்மியில் அரைத்துக் கொடுத்து, பூசிக்கொள்ளச் சொன்னாள். குழந்தை வாயை வைத்துவிட்டு அலறும் சத்தம் சுவர் வழியாக வரும். புத்னி குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து கொடுத்துவிடுவாள். மார்கரெட் கிட்டே வந்து முகர்ந்து பார்ப்பாள். "கழுவிட்டியா? தோ பார், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பாலு வத்தாம போனா ரயில்ல நெஞ்சு கட்டிகினு சாவ." அதன் பிறகு தன் கையாலேயே பூசிவிட்டாள். பால் கட்டி அவளுக்கு ஜுரம் வந்தது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்று யாரோ சொல்ல, மார்கரெட் முழம் முழமாக வாங்கி வந்து ரவிக்கைக்குள் வைத்துக் கட்டினாள். ஜோயல் செத்த பிறகு புத்னி மேல் பூ வாசம் வந்தது அந்த வாரம்தான். குழாயடியில் அவள் தாண்டிப் போனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை.

போகிற நாள் காலையில் அவள் வழக்கம்போல வாசல் தெளித்தாள். தண்ணீர் பிடித்து ரொப்பினாள். மாவு அரைத்து வைத்தாள். சின்னராசு வழக்கத்தைவிட முந்தின பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டார். ஜெனிட்டா கம்பெனிக்கு லீவு போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தாள். அப்படித்தான் ஏற்பாடு.

ஆட்டோவில் ஹெலன் வந்து இறங்கினாள். புத்னி பையோடு வெளியே வந்து, "பாப்பா?" என்றாள்.

"தூங்குது" என்றாள் மார்கரெட்.

அந்த வீட்டில் இருப்பதே ஒரு அறை. கதவு திறந்திருந்தது. தூளி காலியாகத் தொங்குவது, எதிர்த் திண்ணையில் நின்ற எனக்கே தெரிந்தது. புத்னி திரும்பி ஒரு தடவை உள்ளே பார்த்தாள்.

"சரி, அத்த" என்றாள்.

ஆட்டோ போன பிறகு மார்கரெட் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மகன் பிணம் வந்த அன்று அழுத மாதிரியே இருந்தது. அது பொய்யழுகை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குழந்தை இரவும் பகலும் கத்தியது. புட்டியைத் தட்டிவிட்டது. ஐந்தாறு நாள் பொறுத்துவிட்டு மார்கரெட் போனில் அந்தப் பாட்டைப் போட்டாள். குழந்தை கத்தலை நிறுத்தியது. தவழ்ந்து வந்து போனைத் தள்ளிவிட்டு அதற்குப் பின்னால் தேடியது. ஒன்றும் இல்லாததால் மூட்டைக்குப் பின்னால் போய்த் தேடியது. "அத நிறுத்துமே, உனுக்குப் புண்ணியமாப் போவும்" என்று சின்னராசு கத்தியது தெருவுக்கே கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு சுவர் வழியாக வரவில்லை. குழந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் புட்டிக்குப் பழகியது. சதை வைத்தது.

பொங்கல் கழிந்து ஹெலன் திரும்பினாள். மார்கரெட் அவள் குவார்ட்டர்ஸ் பக்கம் போகவில்லை. அவளும் காலனிப் பக்கம் வரவில்லை. இருவரும் என் மருந்துக்கடையில்தான் பார்த்துக்கொண்டார்கள். மார்கரெட் பால் பவுடர் டின் வாங்க வந்திருந்தாள். ஹெலன் தலைவலி மாத்திரை கேட்டு நின்றாள்.

"போய்ச் சேந்தாளா?" என்று மார்கரெட்தான் கேட்டாள்.

"சேந்தா."

"நல்லாகீறாளா?"

ஹெலன் மாத்திரை அட்டையை விரலால் நெருடிக்கொண்டே சொன்னாள். "ரயில்லயே பேச்ச நிறுத்திட்டா அக்கா. கும்லாவுல இறங்கினதுலேந்து ஒரு வார்த்த குருக் பேசல. எங்க அம்மா பேசினாங்க. பக்கத்து வீட்டுல பேசினாங்க. சர்ச்ல சிஸ்டர் பேசினாங்க. சுத்தி எல்லாரும் அவ பாஷைதான். அவ எல்லாத்துக்கும் தமிழ்தான். 'இன்னா?'ங்கறா. 'தெரியாது'ங்கறா. 'தண்ணி குடு, சோறு குடு'ங்கறா. உங்க பேச்சு அப்படியே. எங்க பாஷை ஒண்ணும் புரியாதவ மாதிரி வாயப் பாத்துகிட்டு நிக்கறா."

"பைத்தியம் புடிச்சிகிச்சா?"

"இல்ல அக்கா. நல்லா வேலை செய்யறா. சாப்பிடறா."

"அப்ப எதுக்குமே அப்படி?"

ஹெலன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க சார் சொன்னாரே கொட்டகையில. பேச்சு எங்கயோ ஊரு அங்கன்னு. அவ கேட்டுகிட்டுத்தான நின்னா?"

மார்கரெட் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஊர்லயும் பெரியவங்க கூடினாங்க" என்றாள் ஹெலன். "இந்தப் பொண்ணு நம்ம பொண்ணு இல்ல, என்னமோ பேசுது, இது எந்த ஊருப் பேச்சுன்னு கண்டுபிடிச்சா அங்கயே கொண்டுபோய் விட்டுடலாம்னு சொன்னாங்க. வம்பு வேணாம்னு, ரயில்ல கூட வந்த பொண்ணுன்னு மட்டும்தான் நான் அங்க சொல்லி வச்சிருந்தேன். தெக்க இருக்கிறவ நான் ஒருத்திதான். என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?" என்றாள் மார்கரெட்.

வெளியே ஷிஃப்ட் முடிந்து பஸ்கள் வந்து நின்றன. சைக்கிள் மணிச் சத்தம். ஹெலன் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் வீட்டுக்காரருக்கு இன்னும் மூணு வருசம் இங்கதான் டூட்டி அக்கா. உங்க ஊரோட எனக்கு எதுக்குப் பகை? எனக்குத் தெரியாத பாஷைன்னு சொல்லிட்டேன்."

"அவ?"

"எதிர்லதான் நின்னா. நான் குருக்லதான சொன்னேன்? அவளுக்குப் புரிஞ்சுது."